முன் சீட்டில் ஒரு துண்டு

பத்தே கால் ஆவதற்குள் எல்லாத் தலைகளும் குனிந்துவிட்டன. நாற்பது பெஞ்சு, முப்பத்தொன்பது தலை. மூன்றாம் வரிசையில் ஜன்னலோரப் பெஞ்சு மட்டும் காலி. அதன்மேல் வினாத்தாளை வைத்து, மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க டஸ்டரைப் பாரம் வைத்திருக்கிறேன். பத்தரை வரை வருகிறவரை உள்ளே விடலாம், பத்து முப்பத்தொன்றுக்கு வந்தால் அவர் வராதவர். விதி அது, எனக்குப் பிடித்த விதி. ஒரு மனிதன் எந்த நிமிடத்தில் வராதவன் ஆகிறான் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் சாஸ்திரம் வேறு எங்கும் இல்லை, நான் தேடியிருக்கிறேன். மதியம் ஒரு மணி வரை என் வேலை எதையும் செய்யாமலிருப்பது. படிக்கக்கூடாது, பேசக்கூடாது, போன் கூடாது, முடிந்தவரை உட்காரவும் கூடாது என்று சுற்றறிக்கை சொல்கிறது. நினைக்கக்கூடாது என்று எழுத மட்டும் மறந்துவிட்டார்கள். முப்பத்தொரு வருடங்களாக அந்த ஓட்டை வழியாகத்தான் ஒவ்வொரு தேர்வு மண்டபத்திலிருந்தும் நான் வெளியே போய் வருகிறேன். சொந்தப் பாடத்துக்கு மேற்பார்வை போடக்கூடாது என்று இன்னொரு விதி உண்டு. இன்று ஆள் பற்றாக்குறை, அதனால் நான் தயாரித்த கேள்விகளை நானே காவல் காக்கிறேன். கடைசிக் கேள்வி, பதினைந்து மதிப்பெண்: இந்த நாவலில் நட்பு, தனிமை, எட்டாக் கனவு ஆகியவை கையாளப்படும் விதத்தை ஆராய்க. நல்ல கேள்வி. நான்கு வருடத்துக்கு ஒருமுறை கேட்பேன், அதற்கு முன்பே கேட்டால் கைடு போடுகிறவன் கண்டுபிடித்துவிடுவான். ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். நான் ஆராய வேண்டியதில்லை, எனக்கு விடை தெரியும். ஒன்றரை மணி சிறுமலை பஸ்ஸில் நான் ஏறப்போவதில்லை. அதையும் ஆராய்ந்து முடித்தாகிவிட்டது. முடிந்துபோன விஷயத்தை எதற்கு மறுபடி எடுக்கிறேன் என்று கேட்டால், எடுக்கவில்லை. அது அங்கே கிடக்கிறது, டஸ்டருக்குக் கீழே கிடக்கும் வினாத்தாள் மாதிரி, ஓரம் மட்டும் படபடத்துக்கொண்டு.

இன்னாசிமுத்து காலையில் கல்லூரி வாசலில் மொபெட்டை நிறுத்திக்கொண்டு நின்றான். வேதியியல் துறையில் இருபத்தெட்டு வருடம் அமில வாசனையோடு இருந்துவிட்டு, போன மே மாதம் ஓய்வு பெற்றவன். அப்படிப்பட்டவனுக்குக் கல்லூரி வாசலில் என்ன வேலை. தோளில் ஒரு துண்டு, நீலக் கரை போட்டது. "சேகரா, ஒன்றரை மணி வண்டி. முன்னாடி சீட்ல துண்டு போட்டு வைக்கிறேன். வந்துரு" என்றான். "எங்கே?" என்றேன். "எங்கேயா? மேல. கட்டியாச்சுய்யா. ரெண்டு ரூம், நடுவுல ஒரு சுவரு, முன்னாடி தாவாரம். அஞ்சு தேன் பெட்டி வந்து எறங்கியிருக்கு. கிழக்கு ரூம் உனக்கு." சனிக்கிழமைதோறும் நத்தத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். தங்கச்சிக்கு உடம்பு எப்படியிருக்கிறது என்று நானும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், தேறிவருகிறாள் என்று அவனும் அக்கறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். திருட்டுத்தனமாகக் கல்யாணம் செய்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். திருட்டுத்தனமாக ஒரு கனவை நிறைவேற்றியவனை இன்றுதான் பார்த்தேன். அதிலும் பாதிக் கனவு என்னுடையது. "என்னைக் கேட்கவில்லையே" என்றேன். "கேட்டா என்ன சொல்லுவ? காட்டெருமை வரும்ப. வரட்டும்யா, அதுவும் அங்கதான இருக்கு. பாரு, கத வேணாம். வர்றதுன்னா இன்னைக்கு வா, வந்து ரூமைப் பாத்து சரின்னு சொல்லு. இல்லேன்னா என் மச்சான் கேக்குறான், அவனுக்குக் குடுத்துருவேன். அங்க ஒத்த ஆளா எனக்கு முடியாது." இதைச் சொல்லும்போது மட்டும் மொபெட் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டான். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. நான் மணி பார்த்தேன், ஒன்பது நாற்பது, வினாத்தாள் கட்டு வாங்க வேண்டும். "தேர்வு ஒரு மணிக்குத்தான் முடியும், அதற்குமேல் எண்ணிக் கட்டி ஒப்படைக்க வேண்டும், ஒன்றரை வண்டி என்பது நடைமுறையில்…" என்று ஆரம்பித்தேன். அவன் மொபெட்டை உதைத்துவிட்டான். அந்த வண்டி எப்போதும் மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பும். இன்று பார்த்து முதல் உதைக்கே கிளம்பிவிட்டது.

பத்து முப்பத்தொன்று. மூன்றாம் வரிசைக்கு யாரும் வரவில்லை. வராதவர் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்துக்கொள்கிறேன், கடைசியில் நிரப்பலாம். இந்த நாவலைப் பத்தொன்பது வருடமாக நடத்துகிறேன். அமெரிக்காவில் ஆலைகள் மூடி, வங்கிகள் கவிழ்ந்து, ஜனங்கள் வேலை தேடிக் கூட்ஸ் வண்டியில் தொற்றிக்கொண்டு அலைந்த அந்த முப்பதுகளின் கதை. இரண்டு பேர், ஒரு நெட்டையன், ஒரு குட்டையன். தோட்டம் தோட்டமாகப் பீச் பழம் பறிக்கிறார்கள், இரவானால் வைக்கோல் கொட்டகையில் படுத்து ஒரே விஷயத்தைப் பேசுகிறார்கள்: என்றாவது ஒரு நாள் ஒரு பரிசல்துறையை எடுத்து, சொந்தப் படகில் ஜனங்களை அக்கரை சேர்ப்பது. கிட்டத்தட்ட முன்னூறு பக்கம் அந்தப் படகுக்கு வர்ணம் பூசுகிறார்கள். கடைசியில் ஆற்றங்கரைக்கு வந்துசேர்ந்தால், அங்கே பாலம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் இருவரும் அந்தப் பாலத்துக்கே கல் சுமக்கும் வேலையில் சேர்கிறார்கள், ஒருவன் இக்கரையில், ஒருவன் அக்கரையில். அவ்வளவுதான் கதை. இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து, கனவு அழகாக இருந்தது, ஏன், எட்டவில்லை என்பதால் என்று சொல்வேன். அரை நிமிடம் இடைவெளி விடுவேன். பத்தொன்பது வருடமும் பின்பெஞ்சில் ஒருவராவது பெருமூச்சு விட்டிருக்கிறார். பசியாகவும் இருந்திருக்கலாம், அது பன்னிரண்டரை வகுப்பு. ஆனால் சொன்னது சரிதான். எட்டிவிட்டால் படகு என்பது மரம், ஆணி, ஓட்டை. சிறுமலை என்பது ஈரச் சுவர், அட்டை, பதினெட்டு கொண்டை ஊசி வளைவு, மழை வந்தால் மூன்று நாள் இல்லாத மின்சாரம். என் புத்தகங்களுக்கு ஈரம் ஆகாது. எனக்கு மட்டும் ஆகுமா. மூன்று காரணம் வைத்திருக்கிறேன்: ஈரம், மலையில் இல்லாத மருத்துவர், இன்னும் ஒரு வருட சர்வீஸ். மூன்றும் உறுதியானவை. மூன்றுமே அவனுக்குத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் அவன் ஏற்கெனவே படம் வரைந்து பதில் சொல்லியிருக்கிறான் என்பதுதான் சிக்கல். ஈரத்துக்கு: சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் புத்தக அலமாரி, அடியில் கரித் தட்டு. வேதியியல்காரன். படம் எண் நாற்பத்தாறு.

படங்கள் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. மதுரையில் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனபோது ஆரம்பித்தது. பதினேழு வருடம் இருக்கும், விடுதியில் ஒரே அறை, ஒரே மின்விசிறி, அதுவும் அவன் பக்கம். மிஞ்சிய வினாத்தாளின் பின்பக்கத்தில் ஒரு சதுரம் போட்டு, "இது வீடு, இது தேன் பெட்டி, இது நீ" என்றான். நான் ஒரு புள்ளி. "தண்ணீர்?" என்றேன். அதுதான் முதல் ஆட்சேபணை. மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது இன்னொரு வினாத்தாளில் ஒரு சுனையும் அதிலிருந்து ஒரு குழாயும் வந்திருந்தன. அதன்பின் நாங்கள் பேசியது வேறொன்றுமில்லை. அவன் மனைவி இறந்தபோதுகூட, ஏழாம் நாள் கல்லறையிலிருந்து திரும்பி வரும் வழியில், "குரங்குக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சேன்" என்றான். நான் குரங்கு பற்றிக் கேட்டு அப்போது இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆறுதல் சொல்ல எனக்கு வராது, ஆட்சேபணை சொல்ல வரும். அன்று அவனுக்கு அது போதுமாக இருந்தது, அல்லது போதும் என்று நான் எடுத்துக்கொண்டேன். படங்களையெல்லாம் தேதி போட்டு, எண் போட்டு, கோப்பில் வைத்திருக்கிறேன். அவனுக்குத் தெரியாது. பேருந்து நிலையத்தில் அவன் இப்போது துண்டை மடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான் என்று நினைக்கிறேன். இல்லை, இப்போது மணி பதினொன்று பத்து, ஒன்றரை வண்டி ஒரு மணிக்குத்தான் வந்து நிற்கும். வண்டி நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை எறிவான். அதில் அவன் கெட்டிக்காரன். ஒருமுறைகூடத் துண்டு அடுத்த சீட்டில் விழுந்ததில்லை.

"சார், டீ குடிச்சிட்டு வாங்க, பத்து நிமிஷம் நான் பாத்துக்கறேன்." விடுவிக்க வந்திருப்பது சகாயமேரி, வணிகவியல் துறை, கல்லூரியில் எந்தச் செய்தியும் இவரைத் தாண்டிப் போகாது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மலைக்குப் போறீங்களாமே? இன்னாசி சார் வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு, ஒரு மணிக்கு மேல உங்கள உள்ள நிக்க விடாதேன்னு" என்கிறார். "நான் போகவில்லை" என்கிறேன். "ஏன் சார்? ரெண்டு பேரும் பேசிப் பேசியே எங்க ஸ்டாஃப் ரூமையே மலையாக்கிட்டீங்க. எனக்கே அந்தச் சுனை எங்க இருக்குன்னு தெரியும்." "அம்மா, பேச்சு வேறு, குடித்தனம் வேறு." "ஆமா, குடித்தனம் பண்ணிப் பாத்தவரு மாதிரி சொல்றீங்க" என்று சிரிக்கிறார். முதல் பெஞ்சுப் பையன் நிமிர்ந்து பார்க்கிறான், நான் அவனை முறைக்கிறேன், அவன் நட்பு, தனிமை, எட்டாக் கனவுக்குத் திரும்புகிறான். வராந்தாவில் டீ ஆறிப்போயிருக்கிறது. எவர்சில்வர் டம்ளர். என் வீட்டில் இரண்டு டம்ளர்கள். ஒன்று என்னுடையது, இன்னொன்றும் என்னுடையதுதான், ஆனால் அதில் நான் குடித்ததில்லை. காலை ஆறு மணிக்கு இன்னாசி வந்து, சமையலறைக்குள் நேராகப் போய், தானே எடுத்து, தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான். அவன் மலைக்குப் போனபின் அந்த டம்ளரை என்ன செய்வது? கவிழ்ந்தே இருக்கட்டும். கவிழ்ந்த டம்ளரால் ஒரு தொந்தரவும் இல்லை. போன ஐப்பசியில் குளியலறையில் தலை சுற்றி விழுந்தேன். விழுந்தேன் என்பது மிகை, உட்கார்ந்தேன், தரை எதிர்பார்த்ததைவிட அருகில் இருந்தது. எழ முடியவில்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பயப்படவில்லை, யோசித்தேன்: கதவை யார் திறப்பார்கள், எப்போது, என்னை எந்த நிலையில் பார்ப்பார்கள், முதலில் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். பால்காரன் நேராக உள்ளே வரமாட்டான். வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை. ஆறு மணிக்கு, ஆறு இரண்டுக்கு, மொபெட் சத்தம். சாவி அவனிடம் ஒன்று உண்டு, குளியலறைத் தாழ்ப்பாளை அன்று நான் போட்டிருக்கவில்லை. உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டுக் கையைக் கொடுத்தான், டீ போட்டான், தன் டம்ளரைக் கழுவினான். போகும்போது வாசலில் நின்று, "பாத்ரூம் தாப்பாளை எடுத்துடு" என்றான். எடுத்துவிட்டேன். அந்த ஆறு இரண்டு வரையிலான நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கிறவனுக்கு அது ஒன்று மட்டும் தெரியாது. டீ குடித்தாகிவிட்டது. பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் மிச்சம், அதையும் உள்ளேயே கழிக்கலாம்.

"சார், அடிஷனல்." ஐந்தாம் வரிசை, பாத்திமா கனி. வகுப்பில் வாயே திறக்காத பெண், தேர்வில் மட்டும் நான்கு கூடுதல் தாள் வாங்குவாள். தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது மேற்பார்வையாளர் விடையைப் படிக்கக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது என்பதால் நான் படிக்கிறேன். நெடுநாள் பழக்கம், கள்ளத்தனம்தான், இந்த வேலையில் வேறு என்ன சுகம் இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டாள். பொருளாதார வீழ்ச்சி, வேலையின்மை, தோழமை, எல்லாம் நான் சொன்ன வரிசையில், என் குறிப்பேட்டின் வாடையோடு. அப்புறம் ஒரு புதுப் பத்தி. ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள், தமிழில் சொன்னால் இப்படி வரும்: நெட்டையன் படகை விரும்பினான். குட்டையன் படகைப் பற்றிய பேச்சை விரும்பினான். பாலத்தைப் பார்த்ததும் நெட்டையன் அழுதான், குட்டையன் அழவில்லை, அவனுக்குள்ளே நிம்மதி. அவன்தான் இருவரில் அதிகத் தனிமையானவன், ஆனால் அது நெட்டையனுக்குக்கூடத் தெரியாது. நான் கையெழுத்தை முடிக்காமல் நிற்கிறேன். "சார்?" என்கிறாள். இது என் குறிப்பில் இல்லை. எந்தக் கைடிலும் இல்லை. குட்டையனுக்கு நிம்மதி என்று நாவலில் எங்கே இருக்கிறது? பக்க எண் வேண்டும். ஆதாரம் வேண்டும். இருநூற்றுத் தொண்ணூற்றாறாம் பக்கத்தில், பாலத்தைப் பார்த்ததும் குட்டையன் தொப்பியைக் கழற்றிச் சரிசெய்து மறுபடி போட்டுக்கொள்கிறான். அது துக்கம் என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். துக்கப்படுகிறவன் தொப்பியை எதற்குச் சரிசெய்கிறான். நேராக்கிக்கொள்கிறான், ஒரு வேலை முடிந்த மாதிரி. காலையில் வாசலில், ஒன்றரை வண்டி நடைமுறையில் என்று நான் சொல்லும்போது என் கை எங்கே இருந்தது? கண்ணாடியில். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். கையெழுத்தைப் போட்டு நகர்கிறேன். பதினைந்துக்குப் பதினான்கு. ஒன்று குறைப்பேன், ஆதாரம் தரவில்லை என்பதற்காக. ஆதாரம் மேற்பார்வை செய்துகொண்டு மண்டபத்தில் நடமாடியது அவளுக்குத் தெரிய நியாயமில்லை.

பன்னிரண்டே முக்கால். எச்சரிக்கை மணி. "கடைசி பதினைந்து நிமிடம், நூல் கட்டிக்கொள்ளுங்கள்" என்று என் குரல் சொல்கிறது, நல்ல குரல், கணீரென்று இருக்கிறது. முப்பத்தொன்பது பேர் வெள்ளை நூலைக் கோத்து முடிச்சுப் போடுகிறார்கள். நான் மேஜைக்கு வந்து படிவங்களை நிரப்புகிறேன். வந்தவர் முப்பத்தொன்பது. கூடுதல் தாள் அறுபத்தெட்டு. வராதவர் ஒன்று, பதிவு எண், பெயர். என் மூன்று காரணங்களையும் மறுபடி அடுக்கிப் பார்க்கிறேன், இப்போது ஈரம் என்பது கரித் தட்டாகத் தெரிகிறது, மருத்துவர் என்பது மொபெட்டாகத் தெரிகிறார், ஒரு வருட சர்வீஸ் என்பது ஒரு வருடம் மட்டுமாகத் தெரிகிறது, சனி ஞாயிறு போய் வரலாம். அப்படியானால் ஆட்சேபணை என்ன மிச்சம். காட்டெருமை. காட்டெருமைக்கு அவன் படம் வரையவே இல்லை, அது அங்கதான இருக்கு என்றுவிட்டான், அது ஒரு பதிலா. மணி. நீண்ட மணி. "எழுதுவதை நிறுத்துங்கள்." வரிசையாகத் தாள்களை வாங்குகிறேன், பதிவு எண் வரிசையில் அடுக்குகிறேன், எண்ணுகிறேன், முப்பத்தொன்பது, மறுபடி எண்ணுகிறேன். மறுபடி எண்ண அவசியமில்லை. கட்டைத் தூக்கிக்கொண்டு தேர்வு அலுவலகத்துக்கு நடக்கும்போது மணி ஒன்று பதினொன்று. நடைமுறையில் சாத்தியமில்லை என்று சொன்னேனே. சொன்னது சொன்னபடி நடந்தால் ஒரு மனிதனுக்குத் திருப்தியாக இருக்க வேண்டும்.

மேஜைக்கு அந்தப்புறம் சகாயமேரி, படிவங்களைச் சரிபார்த்து வாங்கிக்கொள்ளும் முறை மதியம் அவருடையது. ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்க்கிறார். விரல் நிற்கிறது. "சார், ஆப்சென்ட் பதிவு எண் சரியா இருக்கு. பேரு என்ன இது?" நான் எட்டிப் பார்க்கிறேன். வராதவர் பெயர் என்ற கட்டத்தில், என் கையெழுத்தில், தெளிவாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்: குலசேகரன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு படிவத்தில் ஒரு பிழை கிடையாது. இது தற்பெருமை இல்லை, அலுவலகத்தில் கட்டுக் கட்டாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். "என்ன சார், மண்டபத்துல நின்னுக்கிட்டே நீங்க ஆப்சென்ட்டா?" அடித்து, சரியான பெயர் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும், விதி. பேனாவை எடுக்கிறேன். அடிக்கிறேன். எழுதுகிறேன். சுருக்கொப்பம் இடுகிறேன். "காலையில் இல்லை. மத்தியானத்திலிருந்து" என்கிறேன். அவர் என்னைப் பார்க்கிறார், சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார், கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். "எண்ணணும்ல சார்." "எண்ண வேண்டும்தான். என் முன்னால் எண்ணி ஒப்பம் தருவதுதான் முறை." "முப்பத்தொம்பது. எண்ணிட்டேன். ஓடுங்க."

நான் ஓடுவதில்லை. விரைவாக நடக்கிறேன், வாட்ச்மேன் சொல்லிவைத்த மாதிரி ஒரு ஆட்டோவை வாசலில் நிறுத்திவைத்திருக்கிறான், சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். பேருந்து நிலையத்தில் சிறுமலை வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்கிறேன், உள்ளே ஒரு அம்மாள் கூடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்கய்யா உன் ஆளு? வண்டி கெளம்பப் போவுது, துண்ட எடு" என்கிறாள். "வருவாரும்மா." "அரை மணியா இதத்தான் சொல்ற." "இன்னும் கொஞ்சம் சொல்லிக்கிறேன்" என்கிறான் இன்னாசி, வெளியே பார்க்காமல், சீட்டில் கிடக்கும் நீலக்கரைத் துண்டின்மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு. அந்தக் கை துண்டை அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்த அம்மாளுக்குப் பயந்தும் இருக்கலாம். ஆதாரம் போதாது. ஏறுகிறேன். அவன் நிமிர்கிறான். ஏதாவது சொல்ல வேண்டிய இடம். கோப்பு வீட்டில் இருக்கிறது, மாற்று வேட்டி எடுக்கவில்லை, மாத்திரை எடுக்கவில்லை, பதினெட்டு வளைவு.

"வெயில் அடிக்கிற பக்கமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறாய்" என்கிறேன்.

"ரெண்டாவது வளைவுல வெயில் அந்தப் பக்கம் போயிரும். உக்காருய்யா." துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொள்கிறான். விசில். வண்டி நகர்கிறது. நான் உட்கார்கிறேன். சீட் அவன் கைச்சூட்டில் கதகதவென்று இருக்கிறது. நிலையத்தைவிட்டு வெளியே வரும்வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை, பதினேழு வருடத்தில் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. பயந்தது இதுதான், கட்டி முடித்தாகிவிட்டது, இனி என்ன பேசுவது. ரயில்வே கேட் வருகிறது. கேட் தாண்டியும் ஒன்றுமில்லை.

"கிழக்கு அறை என்றாய்" என்கிறேன். "காலை ஆறு மணிக்கு முகத்தில் வெயில் அடிக்குமே. அதற்கு என்ன செய்திருக்கிறாய்?"

இன்னாசி என்னைப் பார்க்கவில்லை. சட்டைப்பையில் கையை விட்டு, நாலாக மடித்த பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து முழங்கால்மேல் விரிக்கிறான். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டு, "சொல்லு" என்கிறான்.